டவ்காட் மாத்துன கதையும் ஊர் சேதியும்

மாப்ள முருகா,

லெட்டர் கிடைச்சுது, பதில் லேட்டானதுக்கு திட்டாத, மெயில் சர்வரோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப சீரியல்ல யாரு என்ன புடவை கட்டிருக்காங்கன்றது வரைக்கும் தெளிவா தெரியுதாம், அதனால வீட்ல கமெண்டரி ஜாஸ்தி. பெரியவ பதினொண்ணாவது சேர்ந்துட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், என் நிலமைய தினம் பாத்துட்டும் அததான் எடுப்பேன்னு நிக்கிறா, என்னத்த சொல்ல.

நீயும் டெபியன் 13 லினக்ஸுக்கு போகப்போறதா எழுதிருந்தியே, அதுக்காகத்தான் இத கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன். அதுல வர்ற டவ்காட் 2.4, அதான் மெயில வாங்கி அவங்கவங்க பெட்டில வச்சு காட்டுற சாஃப்ட்வேர், பழைய 2.3 கான்ஃபிக்க வச்சுக்கிட்டு ஸ்டார்ட்டே ஆகாது. மேல கான்ஃபிக் வெர்ஷன் லைன் கேக்கும், மெயில் லொகேஷன்னு ஒரே லைன்ல இருந்தத டிரைவர் தனி பாத் தனின்னு பிரிச்சுட்டானுங்க, சீவ், அதாவது மெயில பிரிச்சு ஃபோல்டர்ல போடுற ஃபில்டர் ரூல், அதோட செட்டிங் எல்லாம் பிளகின் பிளாக்குக்குள்ள இருந்தது இப்ப அந்த பிளாக்கே கிடையாது. இதெல்லாம் சத்தம் போட்டு நிக்கிற பிரச்சனை, லாக்ல லைன் நம்பரோட சொல்லிடும், உக்காந்து மாத்திட்டா முடிஞ்சுது. என்ன வாட்டி எடுத்தது சத்தமே போடாத ஒண்ணு.

சர்வர் ஏறிடுச்சு, மெயில் வருது போகுது, எல்லாம் சரின்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் அக்கா வந்து, தம்பி பேங்க் மெயில் எல்லாம் தனி ஃபோல்டருக்கு போகும்ல, இப்ப எல்லாம் இன்பாக்ஸ்லயே கொட்டுதேங்கிறாங்க. பின்னாடியே ஸ்டோர்ஸ்காரர், லீவுல இருக்கேன்னு போற ஆட்டோ ரிப்ளை போகலையாம். ஆனா அதே ஆபீஸ்ல வேற பல பேருக்கு ஃபில்டர் ஜோரா ஓடுது. லாக்ல மெயில் டெலிவரி ஆன இடத்துல ஒரு எர்ரர் கூட இல்ல, இன்பாக்ஸ்ல போட்டாச்சுன்னு சமத்தா எழுதிருக்கு. பாதி பேருக்கு ஓடுது பாதி பேருக்கு ஓடலைன்னா சாஃப்ட்வேர் மேல சந்தேகப்படாம அந்த ரெண்டு பாதிக்கும் என்னடா வித்தியாசம்னு பாக்கணும், அதுலதான் விஷயமே இருந்துச்சு.

அக்காவோட ஹோம் டைரக்டரிக்குள்ள போயி எல்எஸ் மைனஸ் எல்ஏ அடிச்சா, டாட் டவ்காட் டாட் சீவ்ங்கற லிங்க், அதாவது நிஜ ஃபைல் இருக்கற இடத்த காட்டுற சிம்லிங்க், சிவப்புல பளிச்சுன்னு நிக்குது, அம்புக்குறிக்கு அந்தப்பக்கம் ஸ்லாஷ் ஹோம், ஸ்லாஷ் விமெயில், ஸ்லாஷ் ரூல்ஸ்னு பழைய டிஸ்க்கோட முழு பாத். புது டிஸ்க்க நாங்க எஸ்ஆர்விக்கு கீழ மவுண்ட் பண்ணிருக்கோம், அந்த ஹோம் விமெயிலே இப்ப கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த அட்மின் செக்‌ஷனுக்கு ஒரு ரூல் ஃபைல்னு பொதுவா ஒரு இடத்துல எழுதி வச்சுட்டு ஒவ்வொருத்தர் ஹோம் டைரக்டரிலருந்தும் அதுக்கு கையால லிங்க் போட்டிருக்காரு, அதுவும் முழு பாத்தோட. ரவுண்ட்கியூப் வெப்மெயில்ல தாங்களே ஃபில்டர் போட்டவங்களுக்கு டவ்காட்டோட மேனேஜ்சீவ் சர்வீஸ் போட்ட லிங்க், அது பக்கத்துலயே இருக்கற சீவ் ஃபோல்டர ரிலேட்டிவா காட்டும், எந்த டிஸ்க்குக்கு தூக்கிட்டுப் போனாலும் கூடவே வந்துடும். காப்பி பண்ற கமாண்ட் ஆர்சிங்க் மைனஸ் ஏ, லிங்க்க எழுதிருக்கறது எழுதிருக்கபடியே காப்பி பண்ணும், அந்த அட்ரஸ்ல ஆள் இருக்கான்னு அது பாக்காது.

லிங்க் செத்துப்போச்சுன்னா டவ்காட் பொறுத்தவரைக்கும் இந்த ஆளுக்கு ஸ்கிரிப்ட்டே இல்லன்னு அர்த்தம், ஸ்கிரிப்ட் இல்லாதது தப்பில்ல, அதனால பேசாம இன்பாக்ஸ்ல போட்டுட்டு போயிடும். டீபக் லாக் போட்டாத்தான் வாய தெறக்கும்.

மொத்தமா கண்டுபிடிக்க ஃபைண்ட் கமாண்ட்ல மைனஸ் எக்ஸ்டைப் எல் போதும், போற இடம் இல்லாத லிங்க் எல்லாம் வரிசையா வரும். ரூட்டா ஓட்டு, சாதா யூசரா ஓட்டுனா உள்ள போக பெர்மிஷன் இல்லாத ஃபோல்டர் எல்லாம் விட்டுப்போகும். எல்என் மைனஸ் எஸ்எஃப் போட்டு புது பாத்துக்கு திருப்பிடலாம்னுதான் கை போச்சு, ஆனா பண்ணல, அடுத்த டிஸ்க் மாத்துறப்ப இதே கூத்து வரும். செத்த லிங்க்க தூக்கிட்டு, டவ்காட்டோட கமாண்ட் டவ்அட்மின் சீவ் புட், கூட மைனஸ் ஏ, ஒரு சின்ன லூப்ல ஒவ்வொருத்தருக்கும் ரூல உள்ள ஏத்திட்டேன். ஸ்கிரிப்ட்ல தப்பு இருந்தா அங்கயே மறுத்துடும், லிங்க்கும் அதுவே போட்டுக்கும், நம்ம கைவேலை இல்ல. அப்புறம் டவ்அட்மின் சீவ் லிஸ்ட் அடிச்சா ஆக்டிவ்னு காட்டுது. செக்‌ஷன் ரூல்ல ஏதாவது மாத்தணும்னா இனி லூப்ப திரும்ப ஓட்டணும், அது ஒரு கஷ்டம்தான், இருக்கட்டும்.

நீ புது மெஷினுக்கு போறன்னா இன்னொன்னு, லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிபிகேட் ஃபோல்டர எஸ்சிபி மைனஸ் ஆர்ல காப்பி பண்ணிடாத. லைவ் ஃபோல்டர்ல இருக்கறது பூரா ஆர்க்கைவ காட்டுற லிங்க், எஸ்சிபி அத ஃபைலாவே ஆக்கிடும். அன்னைக்கு எல்லாம் ஓடும், ரென்யூவல் வர்றப்போ சர்டிபிகேட்ட புதுப்பிக்கிற செர்ட்பாட் இது சிம்லிங்க்கா இருக்கணுமேன்னு நின்னுடும், 90 நாள் சர்டிபிகேட், எப்ப காப்பி பண்ணோம்னு மறந்தே போயிருக்கும் அப்ப. டார் போட்டு தூக்கு, இல்ல ஆர்சிங்க்.

அவசரப்படவும் வேணாம், டெபியன் 12க்கு 2028 ஜூன் வரைக்கும் எல்டிஎஸ், அதாவது செக்யூரிட்டி அப்டேட், இருக்கு. முதல்ல பழைய மெஷின்லயே அந்த ஃபைண்ட ஒரு தடவை ஓட்டி ரிசல்ட்ட எடுத்து வச்சுக்க, ஏற்கனவே செத்துக் கிடக்கறது எது புதுசா செத்தது எதுன்னு அப்பத்தான் பிரிக்க முடியும். இப்ப இருக்கற டவ்காட் செட்டிங்க காட்டுற டவ்கான்ஃப் மைனஸ் என் அவுட்புட்ட எனக்கு அனுப்பு, பாஸ்வேர்ட் ஏதாவது இருந்தா எடுத்துட்டு அனுப்பு, ஞாயித்துக்கிழமை உக்காந்து 2.4க்கு மாத்தி தர்றேன். தங்கச்சியயும் பசங்களயும் கேட்டதா சொல்லு.

உன்
செல்வம்