செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களுக்குப் பதிலாக வந்திருக்கும் அவர்தம் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, 1986-இல் தேசிய விமான நிலைய ஆணையத்துக்கும், 1995 ஏப்ரல் முதல் தேதியன்று இந்திய விமான நிலைய ஆணையத்துக்கும் நாற்காலி மாறாமல் பெயர் மட்டும் மாறி, பின்னர் ஓய்வு பெற்றுச் சென்னையின் தென்புறநகரில் குடியிருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தகவல்தொடர்புத் தொழில்நுட்பர்களும் சேர்ந்தது நம் சங்கம் என்பதை, புதிதாகச் சேர்ந்த இருவருக்காக நினைவூட்டி, இவ்வறிக்கையைத் தொடங்குகிறேன்.

முதலில் வழக்கமான செய்திகள். செயற்குழு ஆண்டில் நான்கு முறை கூட வேண்டும் என்பது விதி. மூன்று முறை கூடியது. அவற்றுள் ஒரு கூட்டம் விதிப்படி வேண்டிய குறைந்த அளவு உறுப்பினர் இல்லாமையால் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு, அதே ஐந்து பேருடன் மீண்டும் கூடியது. ஆகஸ்டில் கொடியேற்றினோம். அக்டோபரில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. ஜனவரியில் பொங்கல் விழா நடந்தது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர் நால்வருக்கும் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர்களுள் ஒருவர், தொலைவில் பறக்கும் விமானங்களோடு பேசும் எச்.எப். வானொலி அறையின் இரைச்சலுக்குள் பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவர், கடைசி வாரம் வரை நான் கீழே குறிப்பிடப்போகும் நூலுக்காகத் தம் கைப்பட எழுதிய குறிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் தனியே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இனி, சென்ற பொதுக்குழுவின் நான்காவது தீர்மானம். வான்வழி வழிகாட்டல், கண்காணிப்புக் கருவிகளைப் புதுப்பிக்கப் பொதுப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை விளக்கி மத்திய அரசுக்கு ஒரு மனுவும், அதன் பின்னணியைப் பொதுமக்களுக்குச் சொல்லும் ஒரு சிறுநூலும் தயாரிப்பது என்பது அத்தீர்மானம். மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, பக்கத்துக் கூடத்தில் இலை போடத் தொடங்கிவிட்ட வேளையில், அது ஒருமனதாக நிறைவேறியது. கைதூக்கியவர் அனைவரும் வேலையிலும் பங்கேற்பர் என்று நான் எண்ணியது என் தவறு.

ஓய்வு பெற்றவர்களுக்கு ரேடாரைப் பற்றி என்ன கவலை, மருத்துவ வசதியைப் பற்றி எழுதியிருக்கலாமே என்று சிலர் பேசுவதாக என் காதுக்கு வந்தது. மருத்துவ வசதி குறித்து ஆண்டுதோறும் எழுதுகிறோம், இவ்வாண்டும் இரண்டு கடிதங்கள் எழுதினோம், பதில் வரவில்லை. ஆனால் பணியில் இருக்கும்போது வாய் திறக்க முடியாதவற்றை ஓய்வு பெற்றவன்தான் சொல்ல முடியும். அதை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதே என் நிலைப்பாடு.

நூலின் சாரத்தை இங்கே சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதைப் படித்தவர்கள் இக்கூட்டத்தில் மிகச் சிலரே. வானில் வழி காட்டுவதற்குக் கட்டணம் உண்டு என்பதே பயணியர் பலருக்குத் தெரியாது. நம் வான்வெளியைக் கடக்கும் விமானம், இங்கே இறங்கினாலும் இறங்காமல் மேலே பறந்து போனாலும், தன் எடையையும் கடந்த தூரத்தையும் கொண்டு கணக்கிடப்படும் வழித்தடக் கட்டணத்தை ஆணையத்துக்குச் செலுத்துகிறது. இறங்கும் விமானம் முனைய வழிகாட்டல் கட்டணமும் செலுத்துகிறது. 1944-இன் சிகாகோ உடன்படிக்கை, தன் எல்லைக்குள் வான்வழி வசதிகளை அமைத்துத் தரும் கடமையை 28ஆம் பிரிவில் ஒவ்வொரு நாட்டின்மீதும் வைத்தது. கட்டணத்தில் உள்நாட்டு விமானம், வெளிநாட்டு விமானம் என்ற பாகுபாடு கூடாது என்பதை 15ஆம் பிரிவில் வைத்தது. ஆகவே பணம் வரத்தான் செய்கிறது. ஆனால் அது விழும் உண்டியல் பொது உண்டியல். முனையக் கட்டடமும், ஓடுபாதையும், அரசுக்குச் செலுத்தும் ஈவுத்தொகையும் அதிலிருந்தே போகின்றன. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்ட விமானங்களிடம் முனையக் கட்டணம் வாங்குவதில்லை என்ற சலுகையும் அதன் சுமையே. சேலத்துக்கு விமானம் வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சிறு விமானத்துக்கும் அதே கட்டுப்பாட்டாளர், அதே கருவி, அதே பராமரிப்புச் செலவு என்பதை எவரேனும் கணக்கில் எழுத வேண்டாமா?

புதிய முனையத்தைத் திறந்துவைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். பன்னிரண்டு ஆண்டு உழைத்துவிட்ட செய்திப் பரிமாற்றக் கணினியை மாற்றினால் அதன்முன் நின்று படமெடுக்க யாரும் வருவதில்லை. நிதி நின்றுவிடும் இடம் அதுதான் என்பது என் நூலின் வாதம்.

சென்னைப் பிராந்தியத்தையே, அதாவது சென்னையிலிருந்து வழிகாட்டப்படும் வான்பகுதியையே, எடுத்துக்கொள்ளுங்கள். நம் எல்லை ஒருபுறம் கொழும்பு, மாலே பகுதிகளோடும், வங்கக் கடலுக்கு அப்பால் கோலாலம்பூர்ப் பகுதியோடும் உரசுகிறது. ரேடார் அலை நேர்கோட்டில் செல்வது, பூமி உருண்டை. 35,000 அடியில் பறக்கும் விமானத்தைக்கூடச் சுமார் 230 கடல்மைல் வரைதான் கரையிலுள்ள ரேடார் காணும். அதற்கு அப்பால், நாம் பணியாற்றிய காலத்தில், எச்.எப். வானொலியில் விமானி சொல்லும் இடமும் நேரமும், நாம் காகிதப் பட்டையில் எழுதும் மதிப்பீடும்தான் விமானத்தின் இருப்பு. மழைக்கால இரவுகளில் அந்த இரைச்சலில் ஓர் எண்ணைச் சரியாகக் கேட்டுவிட்டோமா என்று மூன்று முறை திரும்பக் கேட்டவர்கள் இக்கூடத்தில் பலர் உண்டு. பின்னர் செயற்கைக்கோள் வழி எழுத்துச் செய்தியும், விமானம் தானே தன் இடத்தை அறிவிக்கும் முறையும் வந்தன. விமானம் ஒலிபரப்பும் இருப்பிடத்தை வாங்கும் ஏ.டி.எஸ்.-பி நிலையங்கள் அந்தமானின் போர்ட் பிளேர் உட்பட நாட்டின் பல இடங்களில் நிறுவப்பட்டன. ரேடாரோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகக் குறைவு. அவற்றை வாங்கியதை நான் முழு மனதுடன் பாராட்டுகிறேன், மனுவிலும் பாராட்டியிருக்கிறேன்.

ககன் திட்டத்துக்கு நூலில் ஆறு பக்கம் ஒதுக்கியது மிகை என்று பொருளாளர் அவர்கள் கருதுகிறார். இஸ்ரோவும் ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்த திட்டம் அது, ஜி.பி.எஸ். சமிக்ஞையின் பிழையைத் தரையில் அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியே விமானத்துக்கு அனுப்புவது. 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. தோல்வியுற்றபோது, ஜிசாட்-4 உடன் ககன் கருவியும் கடலுக்குள் போயிற்று. அடுத்த கருவி 2011 மே மாதம் ஜிசாட்-8 இல் ஏறியது. பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிப் பக்கமாகவே செல்வதால், சமிக்ஞை கடந்துவரும் அயனி மண்டலம் இந்திய வானில் கொந்தளிப்பானது. மேலைநாட்டுக் கணிப்பு முறை இங்கே பொருந்தாமல், நம் பொறியாளர்கள் தனி முறையே வகுக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு 2015 ஏப்ரலில், ஓடுபாதையை நோக்கி உயர வழிகாட்டலுடன் இறங்குவதற்கான சான்றும் கிடைத்தது. அதன்பின் நடந்தது என்ன? 2019 முதல் பதிவாகும் விமானங்களில் ககன் சமிக்ஞையை வாங்கும் கருவி கட்டாயம் என்று 2016-இன் விமானப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. தேதி 2021 ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. பயணியர் விமானம் ஒன்று ககனைக் கொண்டு ராஜஸ்தானின் கிஷன்கரில் இறங்கிக் காட்டியது 2022 ஏப்ரலில்தான். பொதுப்பணத்தில் விளக்கு ஏற்றியாயிற்று. பார்க்கக் கண்ணாடி வாங்குவது யார் செலவு என்பதில் ஏழு ஆண்டுகள் போயின. இதற்கு ஆறு பக்கம் மிகை என்று நான் கருதவில்லை.

விபத்து நடந்தால்தான் பணம் வரும் என்பது நம் துறையில் எல்லாரும் மெதுவாகச் சொல்லும் வாக்கியம். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரியின் மேல் சவூதி விமானமும் கசாக் விமானமும் மோதி 349 பேர் மாண்டபோது, கசாக் விமானம் அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை கூறியது, அது உண்மை. ஆயினும் விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் செகண்டரி ரேடார் டெல்லியில் அன்று பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

நூல் ஆகஸ்டில் அச்சுக்குப் போயிற்று. நவம்பர் முதல் வாரத்தில் டெல்லியில் ஏ.எம்.எஸ்.எஸ். செய்திப் பரிமாற்ற அமைப்பு செயலிழந்து, பறப்புத் திட்டங்களைக் கையால் பதிந்து அனுப்ப நேர்ந்து, எண்ணூறுக்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கருவிகளின் நிலை குறித்துக் கட்டுப்பாட்டாளர்கள் முன்பே எச்சரித்திருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. நூலின் 19ஆம் பக்கத்தில் அதே அமைப்பைப் பற்றி நான் எழுதியிருப்பதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம். அன்று மாலை நம் வாட்ஸப் குழுவில் ‘ஏ.எம்.எஸ்.எஸ். என்றால் என்ன சார்?’ என்று கேட்டவர்களுள் இருவர் அந்த அறையிலேயே ஓய்வு பெற்றவர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பிற நாடுகளின் நிலை நம்மைவிட மேல் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2024-இல் 138 வான்போக்குவரத்து அமைப்புகளில் 51 அமைப்புகள் இனித் தாக்குப்பிடிக்காது என்று அறிக்கை அளித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று நியூவார்க்கிற்கு வரும் விமானங்களைக் கையாளும் கட்டுப்பாட்டாளர்களுக்கு ஏறத்தாழ 90 வினாடிகள் திரையும் இல்லை, வானொலியும் இல்லை. அவ்வாண்டு ஜூலையில் அவர்கள் நாடாளுமன்றம் 1,250 கோடி டாலரை ஒதுக்கியது. ஒதுக்கீடு வந்த விதம் நமக்கும் பழக்கமானதே. ஆனால் எந்தக் கருவி எத்தனை பழையது என்ற பட்டியலை அவர்கள் வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். கனடா 1996-இலேயே இப்பணியைப் பங்குதாரர் இல்லாத, இலாப நோக்கற்ற தனி அமைப்பிடம் விட்டு, கட்டண வருவாயை அதற்குள்ளேயே செலவழிக்கச் செய்தது. நம் மனு தனியமைப்பைக் கேட்கவில்லை. அதில் பணியில் இருப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழித்தடக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கருவி மாற்றத்துக்கென்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஒவ்வொரு கருவியின் எஞ்சிய ஆயுளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற இரண்டை மட்டுமே கேட்டது. மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பினோம். ஒன்றிலிருந்து பெற்றுக்கொண்டதற்கான ரசீது வந்திருக்கிறது.

நியூவார்க் என்றதும் நினைவுக்கு வருகிறது: அச்சம்பவத்தின்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தார். அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவதாக அவரே வலிய வந்து சொன்னார். வரவில்லை. உறுப்பினர்கள் தாம் பராமரித்த கருவியின் வரலாற்றை எழுதித் தருமாறு நான் மூன்று சுற்றறிக்கை அனுப்பியதில் நான்கு கட்டுரைகள் வந்தன. அவற்றுள் ஒன்று பதவி உயர்வு மறுக்கப்பட்ட வரலாறு. ஆதலால் நூல் பெரும்பாலும் என் எழுத்தாகவே அமைந்துவிட்டது என்ற குறையை நான் ஏற்கிறேன். அது நான் விரும்பி ஏற்படுத்திய குறை இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் அவர்கள் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், சென்ற ஆண்டைக் காட்டிலும் வரவு சற்றுக் குறைந்தும் செலவு சற்றுக் கூடியும் இருக்கிறது. வித்தியாசத்தை வைப்புநிதி வட்டி ஏறக்குறைய ஈடுசெய்தது. அச்சுச் செலவு செயற்குழுவின் வாய்மொழி ஒப்புதலுக்கு உட்பட்டே நடந்தது. அச்சிட்ட முந்நூறு பிரதிகளில் மிஞ்சியவை என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றுக்கு வாடகை எதுவும் நான் கேட்கவில்லை.

சந்தா நிலுவையைப் பற்றிப் பேசாமல் இருக்கவே விரும்பினேன். 2012-இல் பறப்பதை நிறுத்திய கிங்ஃபிஷர் நிறுவனம் ஆணையத்துக்கு வைத்துவிட்டுப் போன பாக்கியையும், திரும்பி வந்த அதன் காசோலைகளையும் பற்றி நாம் எத்தனை தேநீர் வேளைகளில் கொதித்துப் பேசியிருக்கிறோம். நம் சங்கத்தின் ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தவில்லை. இவ்வாண்டு ஒரு காசோலை திரும்பியும் வந்தது. கையெழுத்து வேறுபாடு என்று வங்கி கூறியதால், முதுமையில் கை நடுங்குவது இயல்பு என்று விட்டுவிட்டேன். விமானக் கட்டணத்தைப் போல ஓய்வு பெற்ற பதவியின் எடைக்கேற்பச் சந்தா வைக்கலாம் என்று ஓர் இளைய உறுப்பினர் யோசனை கூறினார். செயற்குழுவில் பெரிய பதவியில் ஓய்வு பெற்றோர் அதிகம் என்பதால் அது விவாதத்துக்கு வரவில்லை.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், மெய்ப்புத் திருத்திய என் மருமகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மனுவுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும், நூலின் இரண்டாம் பதிப்பில் டெல்லிச் சம்பவத்தைச் சேர்க்க வேண்டும், அதற்கு ஏ.எம்.எஸ்.எஸ். அறையில் வேலை பார்த்தவர்களின் எழுத்து வேண்டும். எனக்கு வயது எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்க அணியமாக இருக்கிறேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் எழவில்லை என்பது குறிப்பேட்டில் உள்ளது. சந்தா ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது; நூலும் அங்கேயே, பிரதி 40 ரூபாய். இரண்டும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியிலேயே உள்ளன.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்