காலியான பாண்டா வீட்டில் ஒரு பலகை வையுங்கள்

பெரிய பாண்டாக்களை ஒரு காலத்தில் வைத்திருந்த உயிரியல் பூங்காக்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய பூங்காவுக்குப் போயிருந்தேன். எந்தப் பூங்கா என்று எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாரும் "இது நமக்கில்லை" என்று மடலை மூடி வைத்துவிடுவீர்கள். இது உங்கள் எல்லாருக்கும்தான்.

அங்கே பாண்டா இல்லை என்று தெரிந்துதான் போனேன். அது இருந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல் இருந்தது. நுழைவாயில் வரைபடத்தில் பாண்டா படம் அப்படியே இருந்தது. வழிகாட்டும் அம்புக்குறிகளும் இருந்தன. போய்ப் பார்த்தால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வெறும் கூடம். நடுவில் அது படுக்கும் மரமேடை மட்டும் கிடந்தது. மேடையின் ஒரு விளிம்பில் நகம் பட்டுப் பட்டு மரம் குழிந்து வழவழப்பாகியிருந்தது. அது எப்போதும் முதுகைச் சாய்த்து உட்காரும் பக்கம் அது. கண்ணாடியில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் பசைத் தழும்பு நான்கு மூலையிலும் தெரிந்தது. பலகையைக் காணோம்.

அங்கே நின்றிருந்த இளம் ஊழியரிடம் கேட்டேன். எப்போது போனது, பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியே வரும் வழியில் இருந்த கடையில் சுவர் முழுக்கப் பாண்டா பொம்மைகள் அடுக்கியிருந்தன.

வீட்டுக்கு வந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பாண்டாவுக்குப் பிறந்து பிழைக்காமல் போன குட்டியைப் பற்றிக் கேட்டிருந்தேன். என்ன தேதியில் பிறந்தது, எத்தனை நாள் இருந்தது, அவ்வளவுதான் கேள்வி. ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, பூங்காவில் புதிதாக வந்திருக்கும் காட்சிகளின் பட்டியலைப் பதிலாக அனுப்பினார்கள். மறுபடியும் எழுதினேன். அதே பதில் வந்தது, தேதி மட்டும் மாறியிருந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாண்டா வாழ்ந்த இடத்தில் ஒரு பலகை வையுங்கள். அதன் பெயர், பிறந்த ஆண்டு, வந்த நாள், போன நாள் அல்லது இறந்த நாள், பிறந்த குட்டிகள், பிழைக்காத குட்டிகள், அதற்காக நீங்கள் சீனாவுக்குக் கட்டிய வாடகை, இப்போது அது எங்கே இருக்கிறது. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எல்லாம் உங்கள் பதிவேட்டில் இருப்பவைதான்.

இதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக்குகிறேன் என்று கேட்கலாம். டான் டான் என்ற பாண்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

1995 ஜனவரியில் வந்த நிலநடுக்கம் ஜப்பானின் கோபே நகரத்தை நொறுக்கிப் போட்டது. ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மக்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஆறுதலாக இருக்கட்டும் என்று 2000ஆம் ஆண்டு அந்த நகரத்தின் ஓஜி உயிரியல் பூங்காவுக்குச் சீனாவிலிருந்து வந்தது டான் டான். 1995இல் பிறந்த பெண் பாண்டா. கூட ஓர் ஆண் பாண்டாவும் வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2007இல் டான் டானுக்குக் குட்டி இறந்தே பிறந்தது. அடுத்த வருடம் உயிரோடு ஒரு குட்டி பிறந்தது, மூன்றே நாள்தான் இருந்தது. 2010இல் விந்து எடுப்பதற்காக ஆண் பாண்டாவுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். அது கண் விழிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு டான் டான் தனியாகத்தான் இருந்தது. பதிமூன்று வருடத்துக்கும் மேல். பாண்டாக்களுக்குப் பொய்க்கர்ப்பம், அதாவது கருத்தரிக்காமலே கர்ப்பம் போன்ற அறிகுறிகள், வருவதுண்டு. அந்த நாட்களில் டான் டான் மூங்கிலைக் குட்டியை அணைப்பது போல அணைத்து வைத்துக்கொள்ளும். அதை முதலில் படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை. பாண்டாவின் குட்டி பிறக்கும்போது நூறு கிராம்தான் இருக்கும். தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுள்ள ஒன்றை அத்தனை பெரிய உடம்போடு சேர்த்துப் பிடிக்கத் தெரிந்த மிருகம், கையில் கிடைத்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

2020இல் சீனாவோடு போட்ட ஒப்பந்தக் காலம் முடிந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் கொரோனா வந்து பயணம் தள்ளிப்போனது. மறு வருடம் இதய நோய் இருப்பது தெரிந்தது. கடைசியில் சீனாவுக்குத் திரும்பாமலேயே 2024 மார்ச் 31 அன்று, 28 வயதில் கோபேயிலேயே இறந்துபோனது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பூங்காக்காரர்கள் சொன்னதால்தான் தெரியும். அது என்ன சாப்பிட்டது, எவ்வளவு சோர்வாக இருந்தது, என்ன மருந்து கொடுக்கிறோம் என்று மக்களுக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தார்கள். குட்டி இறந்ததை மறைக்கவில்லை. ஆண் பாண்டா மயக்கத்திலேயே போனதையும் மறைக்கவில்லை. அதனால் அவர்களுக்குக் கெட்ட பெயர் வந்து பூங்காவை இழுத்து மூட வேண்டியதாகிவிடவில்லை. ஜனங்கள் பூக்கொத்தோடு வந்து நின்றார்கள். உண்மையைச் சொன்னால் மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள் ஐயா.

ஒரு பாண்டா வரும்போது நீங்கள் செய்யும் ஏற்பாடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வைக்கப் போட்டி, வரவேற்கக் குழந்தைகள், கையில் கொடி. குட்டி பிறந்துவிட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் நேரலை. திரும்பிப் போகும்போது ஒரு நாள் விழா. இறந்துவிட்டால் இரண்டு வரி அறிக்கை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அத்தனை வருடம் அதன் முகத்தை நுழைவுச் சீட்டில் அச்சடித்தவர்களுக்கு அதன் பெயரை ஒரு பலகையில் எழுத இடமில்லாமல் போய்விட்டது.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1937இல் சிகாகோ பக்கத்தில் புரூக்ஃபீல்டு பூங்காவுக்கு வந்த சூ லின்தான் அமெரிக்காவுக்கு உயிரோடு வந்து சேர்ந்த முதல் பாண்டா. 1936இல் ரூத் ஹார்க்னஸ் என்பவர் சீனாவிலிருந்து கைக்குட்டியாகத் தூக்கி வந்தார். பெண் குட்டி என்று நினைத்திருந்தார்கள். 1938இல் அது இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோதுதான் ஆண் என்று தெரிந்தது. பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அது ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிறகு உடலைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

லண்டனில் 1958 முதல் 1972 வரை இருந்த சி-சி என்ற பெண் பாண்டாவை அமெரிக்காவில் உள்ளேயே விடவில்லை. சீனப் பொருள்களுக்கு அப்போது அங்கே தடை இருந்தது, பாண்டாவும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. உலக இயற்கை நிதியத்தின் சின்னத்தில் இருக்கும் பாண்டா அதைப் பார்த்து வரைந்ததுதான். 1966இல் மாஸ்கோவில் இருந்த ஆன் ஆன் என்ற ஆண் பாண்டாவிடம் அதைக் கூட்டிப்போனார்கள். 1968இல் ஆன் ஆனை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு தடவையும் சேரவில்லை. இறந்த பிறகு சி-சியையும் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பாடம் செய்த உடலுக்கு விவரம் எழுதி வைக்கிற மரியாதை, உயிரோடு நடமாடிய இடத்துக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

1972இல் வாஷிங்டனுக்கு வந்த லிங் லிங், சிங் சிங் ஜோடிக்கு ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்றுகூடச் சில நாளுக்கு மேல் பிழைக்கவில்லை. அந்த ஜோடி வந்ததை வைத்து எழுதியவர்கள் எல்லாரும் இரண்டு நாடுகளின் நட்பைப் பற்றித்தான் எழுதினார்கள். ஐந்து தடவை குட்டியைப் பறிகொடுத்த ஒரு தாய் அங்கே இருந்தது என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் சீனா பாண்டாவைப் பரிசாகக் கொடுத்தது. 1980களில் அது வாடகையாக மாறியது. இப்போது பெரும்பாலும் ஒரு ஜோடிக்குப் பத்து வருட ஒப்பந்தம், வருடத்துக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை. உங்கள் பூங்காவில் பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். அந்தப் பணம் பாண்டாக் காடுகளைக் காப்பாற்றப் போகிறது என்று சொல்வீர்கள். நல்ல விஷயம். 2015இல் வெளியான கணக்குப்படி காட்டில் 1,864 பாண்டாக்கள் இருந்தன. அடுத்த வருடமே, அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்குகளின் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கி வைத்தார்கள். அதில் உங்கள் பணத்துக்கும் பங்கு இருந்தால் அதையும் அந்தப் பலகையில் பெருமையாக எழுதுங்கள். எவ்வளவு கட்டினோம், அது எந்தக் காட்டுக்குப் போனது என்று எழுதுங்கள். சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களுக்கு அது தெரிய வேண்டாமா?

பின்லாந்தின் ஆட்டாரி பூங்கா இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. 2018இல் பதினைந்து வருட ஒப்பந்தத்தில் லூமி, பியூரி என்ற ஜோடியைக் கொண்டுவந்தார்கள். எண்பது லட்சம் யூரோவுக்கு மேல் செலவழித்து வீடு கட்டினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, எங்களால் முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி 2024 நவம்பரில் திருப்பி அனுப்பினார்கள். முடியவில்லை என்று சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பூங்காவுக்குத் தியான் தியான், யாங் குவாங் என்ற இரண்டு பாண்டாக்கள் 2011 டிசம்பர் 4 அன்று வந்து, 2023 டிசம்பர் 4 அன்று திரும்பின. சரியாகப் பன்னிரண்டு வருடம். பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய காலம் வருடத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று நாள்தான். அந்த நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தார்கள், செயற்கைக் கருவூட்டலும் செய்து பார்த்தார்கள். குட்டி பிறக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருட முயற்சியே பார்வையாளருக்குச் சொல்ல வேண்டிய பெரிய பாடம். பாண்டாவைக் காப்பது எவ்வளவு கடினம் என்று அதைவிட நன்றாக எந்தக் கண்காட்சி சொல்லிவிடும்?

பாண்டாவுக்கே இந்த நிலை என்றால் மற்ற விலங்குகளை நினைத்துப் பார்க்கிறேன். மூலையில் சுற்றிச் சுற்றி நடந்து தரையில் தடம் பதித்துவிட்டுப் போன கிழட்டுக் கரடி, ஜோடி போனதும் தீனி எடுக்காமல் கிடந்த பறவை, இரவில் மட்டும் வெளியே வரும் ஏதோ ஒரு சின்ன மிருகம். அவற்றுக்குப் பெயர் வைக்கப் போட்டி நடந்ததில்லை, போனபோது யாரும் வந்து நின்றதுமில்லை. உள்ளே கொண்டுவந்தபோது ஓர் எண் கொடுத்தீர்கள், போன பிறகு அந்த எண்ணின்மேல் ஒரு கோடு இழுத்தீர்கள். ஒரு கூண்டு காலியாவதும் அடுத்தது வருவதும் கடையில் சரக்கு மாற்றுவது போல நடக்கிறது. அந்த மிருகத்தைத் தினமும் கழுவித் துடைத்த பராமரிப்பாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறீர்களா? அவர்களிடம் எத்தனை கதை இருக்கும்!

சரி, எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

காலியான வீட்டை யார் வந்து பார்ப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் போய் நின்ற கால் மணி நேரத்தில் எத்தனையோ பேர் வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே தேடினார்கள். 1972 முதல் ஜப்பானில் எங்காவது ஒரு பாண்டா இருந்துகொண்டே இருந்தது. 2025 ஜூனில் ஷிராஹாமா என்ற ஊரின் பூங்காவிலிருந்து நான்கு போயின. 2026 ஜனவரியில் டோக்கியோவின் உயேனோ பூங்காவிலிருந்து கடைசி இரண்டும் போயின. அரை நூற்றாண்டு ஒரு மிருகத்தைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் ஒரே நாளில் மறந்துவிடுவார்களா? வருவார்கள். வரும்போது அவர்கள் படிக்க ஏதாவது இருக்கட்டும்.

பலகை வைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை என்றால், அதையே ஒரு வரியில் எழுதி ஒட்டுங்கள். புதிய ஜோடி வரப்போகிறது, அதனால் பழசைப் பேச வேண்டாம் என்று நினைத்தால், வரப்போகும் ஜோடிக்காகவே பழசைப் பேசுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் அந்தக் கூடத்தில் நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூங்கிலைக் குறுக்காகப் பல்லில் வைத்து மேல்தோலை நீள நீளமாக உரிக்கும். இலைகளை உடனே தின்னாது. வாயோரத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டாக்கி, பிறகு கையில் எடுத்து ஒரே கடியாகக் கடிக்கும். அந்தச் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும். நாளில் பாதிக்கு மேல் இந்த வேலைதான் அதற்கு. அந்த உயிர் அங்கே இருந்தது என்பதற்கு நகம் குழித்த அந்த மரமேடையைத் தவிர இப்போது வேறு சாட்சி இல்லை.

அந்த மேடையைப் பெயர்த்து எடுப்பதற்குள் பலகையை வைத்துவிடுங்கள். பெரிதாக வேண்டாம், பளபளப்பாகவும் வேண்டாம். அதைப் பராமரித்தவரையே எழுதச் சொல்லுங்கள். பிழைக்காத குட்டியையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் புதிய காட்சிகளின் பட்டியல் வேண்டாம். பலகை எந்தத் தேதியில் வைக்கப்படும் என்று மட்டும் தெரிவித்தால் போதும். அன்றைக்கு நான் வந்து படித்துவிட்டுப் போகிறேன். 

நன்றியுடன்,
சீட்டு வாங்கி உள்ளே வந்த ஒரு பார்வையாளர்