எதிரில் இருக்கும் அந்தக் காலி இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் கேட்டோம். வாடகையை ஏற்றிவிட்டார்கள், அடுத்த மாதம் காலி செய்கிறோம் என்றாய். சுவரில் ஆணி அடித்ததற்குக்கூட அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களாம். கேட்டதும் கோபம் வந்தது. ஆனால் கடைசியில், "எங்களுக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை அப்பா" என்றாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். வீண் செலவு கிடையாது. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும் என்று பல நாடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது பாதியைத் தொடுகிறது. உன் அலுவலகத்திலும் இதே புலம்பல்தான் என்கிறாய். அத்தனை பேருக்குமா சாமர்த்தியம் இல்லாமல் போய்விட்டது?

சிமெண்டும் கம்பியும் சின்ன ஊரில் ஒரு விலை, பெரிய நகரத்தில் பத்து மடங்கு விலை என்று விற்பதில்லை. நகரத்தில் வீட்டின் விலையை ஏற்றுவது நிலம். பொதுப் பணத்தில் ரயில் விடுகிறார்கள், பள்ளி கட்டுகிறார்கள், உடனே சுற்றியுள்ள மனையெல்லாம் விலை ஏறிவிடுகிறது. அந்த ஏற்றம் மனை வைத்திருப்பவருக்குப் போகிறது, வரி கட்டியவர்களுக்கு வாடகை உயர்வாக வந்து சேர்கிறது. அந்த விலைக்கு நிலம் வாங்கிய பில்டர், உங்கள் சம்பளத்துக்கு ஏற்ற வீட்டை எப்படிக் கட்டுவார்? அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் தொழில் அது. அவர் கட்டாத வீட்டை அரசுதான் கட்ட வேண்டும்.

மாப்பிள்ளை இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். விதிகளைத் தளர்த்திவிட்டால் வீடுகள் தானாக வரும் என்பார். அவர் சொல்வதில் பாதி சரி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016-இல் குடியிருப்புப் பகுதிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு கட்டுமானம் நன்றாகவே கூடியது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மாடி கட்டக் கூடாது என்று தடுத்து வைத்துவிட்டு வீடு இல்லை என்று அழுவதில் அர்த்தமில்லை. ஆனால் அப்படி வரும் வீடுகள் எல்லாம் துப்புரவுப் பணியாளருக்கும் செவிலியருக்கும் எட்டும் விலையில் வந்துவிடாது. வீடுகளைக் கூட்டாமல் வாங்குபவர்கள் கையில் மானியத்தை மட்டும் கொடுத்தாலோ, அதுவும் விலையோடு சேர்ந்துகொள்ளும்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேனா? முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த நகரத்தில் வீட்டுக்கு அப்படி ஒரு பஞ்சம். நகராட்சி 1923-இல் வீட்டுவசதிக்கென்று ஒரு வரி போட்டது. ஆடம்பர வீடுகளுக்கு ஏகப்பட்ட வரி, சாதாரண வீடுகளுக்குச் சொற்பம். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கட்டடம். அதில் 1,382 வீடுகள். உள்ளே விசாலமான முற்றங்கள், துணி துவைக்கப் பொதுக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், கிளினிக். ஏழைகளுக்குத்தானே என்று ஏனோதானோவென்று கட்டவில்லை. இன்றும் அங்கே குடித்தனம் நடக்கிறது. நகராட்சி கையில் இப்போதும் இரண்டு லட்சத்துக்கு மேல் வீடுகள் இருக்கின்றன. நகர மக்களில் பாதிப் பேராவது நகராட்சி வீட்டிலோ அரசு உதவியோடு கட்டிய வீட்டிலோ இருக்கிறார்கள். ஆசிரியரும் அங்கே இருப்பார், பேருந்து ஓட்டுநரும் இருப்பார்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1960-இல் வீட்டுவசதி வாரியம் அமைத்து, 1966-இல் நிலம் கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே குடியிருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வாரிய வீடுகளில்தான். வீட்டை வாங்கலாம், ஆனால் அது 99 வருடக் குத்தகை. நிலத்தை இழந்தவர்களுக்குச் சந்தை விலையைவிட மிகக் குறைவாகவே கொடுத்தார்கள் என்ற குறையும் உண்டு, அது நியாயமான குறைதான். ஆனால் இரண்டு ஊரிலும் நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள், கவனித்தாயா?

கையில் இருந்ததை விட்டவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். நகராட்சி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடி விலையில் விற்க 1980-இல் சட்டம் போட்டார்கள். வாங்கியவர்களுக்குச் சந்தோஷம், அதை நான் குறை சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ இருபது லட்சம் வீடுகள் கைமாறின. விற்ற பணத்தில் பெரும்பகுதியைப் புது வீடு கட்டச் செலவழிக்க நகராட்சிகளுக்கு அனுமதி இல்லை. அப்புறம் நடந்ததைக் கேள்: அந்த வீடுகளில் பல, வாடகைக்கு விடுபவர்கள் கைக்குப் போய்விட்டன. வீடில்லாத குடும்பங்களைத் தங்கவைக்க, தான் விற்ற வீட்டுக்கே நகராட்சி வாடகை கொடுக்கும் நிலைமை வந்தது. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் இந்த விற்பனையை நிறுத்திவிட்டன.

அரசு கட்டினால் உருப்படாது என்பதற்கு மாப்பிள்ளை அமெரிக்காவின் புரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பைக் காட்டுவார். செயின்ட் லூயிஸில் பதினொரு மாடியில் 33 கட்டடங்கள், இருபது வருடம்கூடத் தாங்காமல் 1972-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். உண்மைதான். ஆனால் கட்டுவதற்குப் பணம் தந்த அரசு, பராமரிப்பை வாடகை வசூலிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. குடியிருந்தவர்கள் பரம ஏழைகள், ஆட்களும் குறையக் குறைய வசூல் சுருங்கியது, லிஃப்ட்டைப் பழுதுபார்க்கக் காசில்லை. கட்டித் திறந்து வைத்ததோடு அரசின் வேலை முடிந்துவிடாது.

இவ்வளவும் சொல்லக் காரணம், நீ போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம். உங்கள் தெருவுக்கு எதிரில் இருக்கும் பழைய பேருந்துப் பணிமனை இடத்தை ஏலம் விடப் போகிறார்கள், மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றாயே. நகரத்துக்குள் அரசிடம் இருப்பது அந்த மாதிரி சில இடங்கள்தான். ஏலத்தில் வரும் பணம் ஒரு பட்ஜெட்டோடு கரைந்துவிடும். நாளைக்கு அதே அரசு வீடு கட்ட நினைத்தால், அதே நிலத்தை எந்த விலைக்குத் திரும்ப வாங்கும்?

நீங்கள் வேறு பகுதிக்குப் போகிறீர்கள், இனி நமக்கென்ன என்று விட்டுவிடாதே. நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட வேண்டும், கட்டும் வீடுகளில் இத்தனை பங்கு குறைந்த வாடகைக்கு, அது இத்தனை வருடம் மாறக் கூடாது, பராமரிப்புக்குத் தனி நிதி என்று தெளிவாக மனு எழுது. மாடி வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கு. தவணை கட்ட முடியுமா என்று யோசிக்காமல் அவசரத்தில் வீட்டுக் கடனில் மட்டும் இப்போது இறங்க வேண்டாம்.

கருத்துச் சொல்லக் கடைசித் தேதி என்றைக்கு என்று பார்த்துச் சொல். மனுவை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். மாப்பிள்ளையையும் கையெழுத்துப் போடச் சொல். குத்தகை விஷயத்தில் அவருக்கு ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா