பூனையும் மீன் கணக்கும்

அன்புள்ள மாலதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் ஒரு பக்கம் முழுக்கக் கேலி எழுத முடியுமா? “ஐம்பதை நெருங்கும் வயதில் பூனைப் பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எரிக் வாஸ்டல் 2015 முதல் டிசம்பர்தோறும் நாளுக்கொரு புதிராக இணையத்தில் வெளியிடுகிறாரே, நிரல் எழுதித் தீர்க்க வேண்டிய புதிர்கள், அந்த அட்வென்ட் ஆஃப் கோட்தான் விஷயம். ஒவ்வொரு புதிரிலும் இரண்டு பகுதிகள். முதலாவதை முடித்தால்தான் இரண்டாவது கண்ணில் படும். விடையை மட்டும் கொடுத்தால் போதும், எந்த நிரல்மொழியில் எழுதினாய் என்று கேட்பார் இல்லை. கேட்பார் இல்லை என்றதும் நான் ஸ்கிராட்சைத் திறந்துவிட்டேன். 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் குழந்தைகளுக்காக வெளியிட்ட நிரல்மொழி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் பிளாக்குகளாக மௌஸால் இழுத்துப் பொருத்துவது, அதேதான். நீ கேலி செய்த பூனை அதில் வரும் பொம்மைதான். இப்போது பழைய ஆண்டுப் புதிர்களை இரவுக்கொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சிரிப்பதற்கு நிறையவே இருக்கிறது. பட்டியலுக்குள் பட்டியல் வைக்க முடியாது. நாமே செய்யும் பிளாக் மதிப்பு எதையும் திருப்பித் தராது. விடையை ஏதாவது ஒரு மாறியில், அதாவது மதிப்பை வைக்கும் பெட்டியில், போட்டுவிட்டுப் போய்விடும், நாம் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து 2022-ன் மூன்றாம் நாள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு 1 முதல் 26 வரை, பேரெழுத்துகளுக்கு 27 முதல் 52 வரை மதிப்பு. ஸ்கிராட்சுக்கோ சிறியதும் பெரியதும் ஒன்றே. சமமா என்று கேட்டால் ஆம் என்று சாதிக்கும். ஆனால் காஸ்ட்யூம், அதாவது பூனை மாற்றி மாற்றிப் போடும் வேஷம், அதன் பெயர்களில் மட்டும் அதற்கு வேறுபாடு தெரியும்! எழுத்துக்கு ஒன்றாக 52 காஸ்ட்யூம்களை வரிசையாக அடுக்கி, பூனைக்கு மாட்டிவிட்டு, இப்போது போட்டிருப்பது எத்தனையாவது என்று கேட்டேன். மதிப்பு அப்படியே வந்து விழுந்தது. தையல் டீச்சர் என்னைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறட்டும்.

அதைவிட என்னை ஆட்டிவைத்தது 2021-ன் ஆறாம் நாள், மீன் கணக்கு. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண், நாளுக்கு ஒன்று குறையும். பூஜ்யத்தைத் தொட்ட மறுநாள் அது 6-க்குத் திரும்பும், கூடவே 8 என்ற எண்ணோடு ஒரு குஞ்சு பிறக்கும். மாதிரியில் ஐந்தே மீன்கள். 80 நாளில் 5,934 ஆகின்றன. இரண்டாம் பகுதி கேட்பது 256 நாள்: 2,698 கோடியைத் தாண்டிவிடுகிறது! ஸ்கிராட்ச் பட்டியலில் இரண்டு லட்சம் உருப்படிகளுக்கு மேல் இடமில்லை. அதற்குமேல் நீ எதைச் சேர்த்தாலும் சத்தமில்லாமல் விட்டுவிடும். நீ நிரல் எழுதும் பைத்தானும் இதில் திணறத்தான் செய்யும், ஆனால் நினைவகம் நிரம்பும்வரை உனக்கு நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருக்கும்.

மீன்களை விட்டுவிடு. எந்த எண்ணில் எத்தனை மீன்கள் என்பது போதும். 0 முதல் 8 வரை ஒன்பதே இடங்கள். முதல் உருப்படியை ஒரு மாறியில் எடுத்து வை, பட்டியலிலிருந்து நீக்கு, கடைசியில் சேர், ஏழாவதோடும் கூட்டு. இதை 256 முறை செய். ஸ்கிராட்ச் 1-லிருந்து எண்ணுவதால் 6-க்குரிய இடம் ஏழாவது. திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் நாலே பிளாக்குகள், மாலதி! நிரலை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்திய கையோடு விடை வந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் தெரியுமா? அலுவலகத்தில் இப்போது நிரலை இயந்திரம் எழுதுகிறது, நான் படித்துப் பார்த்துச் ‘சரி’ போடுகிறேன். நன்றாகவும் எழுதுகிறது, அதுதான் வருத்தம். மாலையில் கிளம்பும்போது இன்று நானாக எதை யோசித்தேன் என்று தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. நீ எப்படிச் சமாளிக்கிறாய்? உன் கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தேன்.

பிளாக்கில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் வேலை நடப்பதில்லை. ஒவ்வொன்றையும் கையால் இழுக்க வேண்டும். நான் சோம்பேறி என்பது உனக்குத் தெரியும், நாற்பது பிளாக் கேட்கும் யோசனை வந்தால் மனம் தானாகவே வேறு வழி தேடப் போய்விடுகிறது. வேகப் போட்டியும் இல்லை. 2025-ல் வாஸ்டலே உலகத் தரவரிசையை எடுத்துவிட்டார், புதிர் நாட்களையும் 12 ஆகக் குறைத்துவிட்டார்.

நம் பெரியவர் வழக்கம்போல உபதேசம் அனுப்பியிருக்கிறார்: ஸ்நாப்புக்கு மாறு, அதுவும் பிளாக் மொழிதான், பிரையன் ஹார்வியும் யென்ஸ் மோனிக்கும் செய்தது, பட்டியலுக்குள் பட்டியல் வைக்கலாம், பிளாக்கையே இன்னொரு பிளாக்குக்குக் கொடுக்கலாம் என்று. உண்மைதான். சதுரங்கப் பலகைபோல வரிசையும் நிரையுமாகக் கட்டங்கள் வரும் புதிர்களுக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கும். இப்போதைக்குப் பூனையை விட மனமில்லை.

அதே 2021-ன் ஏழாம் நாள் நண்டுப் புதிரை இன்னும் திறக்கவில்லை. நீ பைத்தானில் போடு, நான் பிளாக்கில் போடுகிறேன். உன் வரிகளைவிட என் பிளாக்குகள் குறைவாக இருந்தால் பெரியவருக்குப் பதில் எழுத வேண்டியது நீ.

அன்புடன்,
சாந்தி