பெரெனிகே நாவல்: நாயகன் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறான்?

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். முன்பதிவு செய்தவர்களுக்கு எங்கள் புதிய நாவலின் முதல் சில அத்தியாயங்களை அனுப்பியிருந்தோம். படித்தவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "காலம் தாண்டிப் போகும் காதல் கதை என்றீர்களே, காதலன் எங்கே?" அவன் வருவது 140ஆம் பக்கத்தில். எழுத்தாளரிடம் நாங்களும் சண்டை போட்டுப் பார்த்தோம். கடைசியில் அவர் சொன்னதே சரி என்று பட்டது.

கதை நடப்பது கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தின் செங்கடல் கரையில் இருந்த பெரெனிகே துறைமுகத்தில். அங்கே அகழாய்வுக்குப் போன நம்மூர் மாணவி ஒருத்தி, ஓர் ஆகஸ்ட் மாத மதியத்தில் அந்தப் பழைய ஊருக்குள் போய் விழுகிறாள். இந்தியா போகும் கப்பல்களோ ஜூலையிலேயே கிளம்பிவிட்டன. தென்மேற்குப் பருவக்காற்றில் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்குப் போய், மிளகு ஏற்றிக்கொண்டு, காற்று திரும்பிய பிறகுதான் அவை அங்கிருந்து திரும்பிப் புறப்பட முடியும். டிசம்பரில், தப்பினால் ஜனவரி நடுப்பகுதிக்குள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நாயகன் அப்படி ஒரு கப்பலில் வருகிறவன். அவனைச் செப்டம்பரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமானால் காற்றையே திருப்ப வேண்டும்! இந்த நாவலில் மாயம் ஒன்றே ஒன்றுதான், அவள் காலம் தாண்டுவது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்பதில் எழுத்தாளர் பிடிவாதமாக இருக்கிறார்.

அதுவரை என்னதான் நடக்கிறது? ஊர் நடக்கிறது. பல மொழி பேசுகிறவர்கள் கூடும் சந்தை, நல்ல தண்ணீருக்குப் படும் பாடு, சரக்கு எழுதும் கணக்கர்கள். அங்கிருந்த செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயிலில் இந்தியப் பெரும் தாழி ஒன்றுக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தாழி கதையில் ஒரு முக்கியமான வேலை செய்கிறது, சொல்ல மாட்டோம். கழுத்துப்பட்டையோடு புதைக்கப்பட்ட பூனைகளும் அங்கே கிடைத்தவைதான். பூனை வரும் அத்தியாயம் எங்கள் அச்சுக்கோப்பவரை அழவைத்துவிட்டது.

நாயகன் பெயர் கொற்றன். பெரெனிகேயில் கிடைத்த பானை ஓட்டில், பழந்தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் உள்ள பெயரிலிருந்து எடுத்தது. அவனுடைய கூட்டாளிகள் கணன், சாதன் இருவர் பெயரும் வடக்கே, அதே கரையிலிருந்த குசெய்ர் அல் கதீம் துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் இருக்கின்றன. அவன் பேசுவது அவளுக்குப் பாதிதான் புரிகிறது. எழுதினால் சுத்தமாகப் புரியவில்லை. சிரிக்க வைக்கும் பக்கங்கள் எல்லாம் இங்கேதான்.

அவன் வந்த பிறகு கதை பறக்கும். இறக்கிய சரக்கை ஒட்டகங்களில் ஏற்றி நைல் கரையிலுள்ள கொப்டோஸுக்குக் கொண்டுபோக வேண்டும். 12 நாள் பாலைவனப் பயணம். வெயிலுக்கு அஞ்சிப் பகலில் தங்கி, பெரும்பாலும் இரவில்தான் நடப்பார்கள். காதல் வளர்வது அந்த இரவுகளில். ஆனால் சரக்கு கடன் கொடுத்தவனின் முத்திரையில் இருக்கிறது. வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ் என்ற பழைய நாணல்தாள் ஆவணத்தில் காணும் கடன் ஒப்பந்தம் போன்ற ஒன்றில் கொற்றனும் மாட்டியிருக்கிறான். கொப்டோஸிலிருந்து ஆற்று வழியாக அலெக்சாண்டிரியா போய், அங்கே நாலில் ஒரு பங்கு வரியும் கட்டி முடியும்வரை அவனால் அவளோடு ஓடிப்போகவும் முடியாது. எந்த வில்லனையும்விட இந்தக் கடன் பத்திரம் கொடியது என்பது எங்கள் கருத்து.

போட்டித் தேர்வுக்கு இதைப் படிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அகழாய்வில் கிடைத்தது எது, கற்பனை எது என்று பின்னிணைப்பில் பிரித்துக் கொடுத்திருக்கிறோம், ஆனாலும் இது நாவல்தான்.

அப்புறம், அடிமைச் சந்தை பற்றிய அத்தியாயம் ஒன்று கடுமையாக இருக்கும். 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

விலை 480 ரூபாய். முன்பதிவு செய்தவர்களுக்கு அஞ்சல் செலவு எங்களுடையது. முதல் பக்கத்திலேயே காதல் வேண்டும் என்பவர்கள், புத்தகம் அனுப்புவதற்கு முன் ஒரு வரி எழுதினால் போதும், முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம். எழுத்தாளர் கையெழுத்திட்ட பிரதி வேண்டுமானால், யார் பெயருக்கு என்று தமிழில் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
பதிப்பகத்தார்