மலைக் கிராமத்துக்கான வசதியை மலைக் கிராமமே தீர்மானிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள சித்தேரி, வத்தல்மலை, தேன்கனிக்கோட்டை வட்டார மலைக் கிராமங்களுக்குச் சாலை, ரேஷன் கடை, மருத்துவ வசதி வந்ததா, வரவில்லையா என்பதோடு செய்திகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அந்த வசதியை எங்கே, எந்த வடிவில் தருவது என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

நான் பார்த்த ஒரு மலைக் கிராமத்தில், கைரேகைக் கருவிக்குச் சிக்னல் கிடைக்காததால் ரேஷன் கடை விற்பனையாளர் அதைத் தூக்கிக்கொண்டு பாறை மேட்டில் ஏற, சாமைக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்த மூதாட்டிகள் அவர் பின்னாலேயே ஏறி விரல் வைத்துவிட்டு, அரிசி வாங்க மறுபடி கீழே இறங்கினார்கள். கடை எங்கே இருக்க வேண்டும், எந்தக் கிழமையில் திறக்க வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

கேட்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்சார மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்க இடம் தருகிறது. ஆனால் நம் மாநிலத்தில் கிராம சபை என்பது ஊராட்சி முழுவதற்கும் ஒன்றுதான். மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களைக் கொண்ட சித்தேரி போன்ற ஊராட்சியில், ஒரு மூலையிலிருந்து நடந்து வருபவரின் குரல் அந்தக் கூட்டத்தில் எடுபடுவதில்லை. பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் குக்கிராம அளவிலேயே சபையை ஏற்கிறது; ஆனால் அது, அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. இது பழங்குடி மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், 16 பழங்குடிச் சமூகங்களின் ஊர்க் குழுக்கள் ஒன்றுசேர்ந்த முர்டி பாக்கி மண்டலப் பேரவை, தங்களுக்கான சேவைகள் குறித்து 2015இல் மாநில அரசுடன் எழுத்துப்பூர்வமான உடன்படிக்கை செய்துகொண்டது. மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கும், எதிரெதிரே உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! கையெழுத்து மட்டும் போதாது என்பதும் உண்மையே. 2020இல் அந்நாட்டு அரசுகள் பழங்குடி அமைப்புகளுடன் தேசிய அளவில் செய்த ஒப்பந்தத்தை ஆராய்ந்த அரசின் ஆணையமே, முடிவெடுக்கும் அதிகாரம் போதுமான அளவு பகிரப்படவில்லை என்று 2024இல் கூறிவிட்டது.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புரிந்த கொடுமைகளுக்கு 2011இல்தான் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே துறைகளின் அதிகாரி வந்து "சம்மதமா?" என்று கேட்கும்போது, மலை மக்கள் தலையாட்டுவதை ஒப்புதலாக எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

பெசா சட்டம் இங்கே பொருந்தாவிட்டாலும், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்கள், வன உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி குக்கிராமங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் தனிச் சபை கூட்ட வேண்டும். மூன்றில் இரு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் கொண்ட வன உரிமைக் குழுவை அந்தச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டும். சபை நிறைவேற்றும் தீர்மானத்தை ஏற்க மறுக்கும் துறை, காரணத்தை எழுத்தில் எழுதி அதே ஊரில் வந்து படித்துக் காட்ட வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பாகவே அந்தப் பட்டியலை ஒவ்வொரு மலை ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் செய்யுமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாக இரு ஆட்சியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.