எந்த ரைபிள் என்று கேட்டாயே

அன்புள்ள மீனாவுக்கு,

திருச்சியிலிருந்து அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ரைபிள் படங்களையும் பார்த்தேன். போனில் பேச ஆரம்பித்தால் இங்கே குக்கர் விசில் அடிக்கும், அங்கே உன் பையன் எழுந்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

டார்கெட் சுட்டுப் பழக முதல் .22 ரைபிள் (கால் அங்குலத்துக்கும் குறைவான சின்னக் குண்டு போடுவது) வாங்க வேண்டும், மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே நல்ல ரைபிள்தான். செக் நாட்டு சி.இசட். 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ், ஸ்பெயினின் பெர்காரா பி14ஆர், மூன்றும் போல்ட் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும், மூன்றும் உன்னை விடத் துல்லியமாகச் சுடும். கோபித்துக்கொள்ளாதே, முதல் இரண்டு வருஷத்துக்கு யாருக்கும் அப்படித்தான். அதனால் எதில் குறி சரியாக விழும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீ எந்த நிலையில் சுடப்போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். படுத்தா, மண்டியிட்டா, நின்றா, இல்லை பெஞ்சில் மணல்மூட்டை வைத்தா?

அதைச் சொல்லாமலே நீ படம் அனுப்பியிருக்கிறாய். ஸ்டீல் பேரல் (குழாய்) வைத்த பெர்காரா, குறிபார்க்கும் ஸ்கோப் இல்லாமலே 4 கிலோவைத் தாண்டும். பெஞ்சில் வைத்துச் சுட்டால் அந்தக் கனம் வரம். நின்று சுட்டால், ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கிற உனக்கு பத்தாவது தோட்டாவிலேயே இடது தோள் நடுங்கும். உங்கள் ஓஹையோவில் ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற சுடும் மைதானம் இருக்கிறது. அங்கே போட்டிகள் நடத்துகிற, பொதுமக்களுக்குச் சுடப் பழக்குகிற சி.எம்.பி. அமைப்பின் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் 25, 50 கஜத்தில் படுத்து, உட்கார்ந்து, நின்று மூன்று நிலையிலும் சுட வேண்டும். வழக்கமான பிரிவுகளில் ரைபிள் ஏழரை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, டிரிகரை இழுக்கக் குறைந்தது 3 பவுண்டு விசையாவது வேண்டியிருக்க வேண்டும். போட்டிக்குப் போகிறாயோ இல்லையோ, அந்த எடைக்குள் இருப்பதுதான் உன் உடம்புக்கும் சரி. பெஞ்சில் மட்டும் உட்கார்ந்து பழகாதே. பெஞ்ச் ரைபிளுக்குத்தான் பரீட்சை வைக்கும், உனக்கு வைக்காது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கினாரே, அவர் மண்டியிட்டு, படுத்து, கடைசியில் நின்றும் சுட்டார். அதுவும் .22 தான். அந்த டார்கெட்டில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஏறக்குறைய சுண்டுவிரல் நகம் அளவுதான்.

ஆக, பெர்காராவை விடு. மற்ற இரண்டிலும் கனமான பேரல் வைத்த மாடல்களை விட்டு, சாதாரண மாடலைப் பார். பேரல் நீளமாக இருந்தால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வா. .22இல் இருக்கிற துளி மருந்து பதினாறு, பதினெட்டு அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும்.

மாப்பிள்ளை ரூகர் 10/22 கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். 1964 முதல் வருகிற துப்பாக்கி, நல்ல பெயர்தான். ஆனால் அது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். பழகுகிறவருக்கு அது கெடுதல். போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் அந்த இரண்டு நொடியில்தான் போன ஷாட்டில் என்ன நடந்தது என்று மனசு யோசிக்கும். அது இல்லையென்றால் டப் டப் என்று பெட்டி காலியாகும், கற்றது ஒன்றும் இருக்காது.

மாப்பிள்ளை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, அவர் இன்னும் எச்-1பியில்தான் இருக்கிறார். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது அங்கே மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதில் எல்லாம் கேட்பார்கள். உன் பெயரில் வாங்கி அவரிடம் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, அது தனிக் குற்றம். துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டகத்தின் சாவி உன்னிடம் மட்டுமே இருக்கட்டும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நூறு டாலர் போனால் போகட்டும்.

இப்போது தோட்டாவுக்கு வருகிறேன். ரைபிளைப் பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், தோட்டாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

.22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா, அதில் தீப்பற்றும் மருந்து கேஸின் (தோட்டாவின் உலோகக் கூட்டின்) அடிவிளிம்புக்குள் இருக்கிறது. போல்ட்டின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்கிய கேஸ் அத்தோடு சரி, திரும்ப நிரப்ப முடியாது. பெரிய ரைபிள்காரர்கள் மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, தங்கள் பேரலுக்கு ஏற்ற தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். உனக்கு அந்த வழி இல்லை. கம்பெனி செய்த தோட்டாக்களில் உன் பேரலுக்குப் பிடித்தது எது என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பெண் பார்க்கிற மாதிரிதான், ஜாதகம் பொருந்தினாலும் நேரில் பார்க்காமல் தெரியாது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் நம்பர் (ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண்) மாறினால் குரூப், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது, மாறும். விலை கூடினது எப்போதும் நன்றாகச் சுடும் என்றும் இல்லை.

நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கு. சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், லபுவா சென்டர்-எக்ஸ், ஈலியில் ஏதாவது ஒன்று. பெட்டியில் "ஹை வெலாசிட்டி" என்று இருந்தால் வேண்டாம். காரணம் சொல்கிறேன். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஸ்டாண்டர்ட் தோட்டா 325 மீட்டர் போலக் கிளம்பும், கடைசிவரை ஒலிக்குக் கீழேயே போகும். ஹை வெலாசிட்டி அதற்கு மேலே கிளம்பி, 100 கஜம் போவதற்குள் வேகம் குறைந்து ஒலியின் எல்லையைக் கடக்கும். அந்த இடத்தில் குண்டு தடுமாறும். பக்கக் காற்றில் அதிகமாக ஒதுங்குவதும் வேகமான அந்தத் தோட்டாதான். கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், டார்கெட்டைப் பார்த்தால் நம்புவார்கள். உங்கள் ஊர் டிசம்பரில் 0 டிகிரி வந்தால் ஒலியே 331க்கு இறங்கிவிடும், அப்போது ஸ்டாண்டர்ட் தோட்டாவே எல்லையை ஒட்டித்தான் போகும். குளிர்காலத்துக் குரூப்பையும் கோடைகாலத்துக் குரூப்பையும் ஒரே நோட்டில் கலந்து எழுதாதே.

வகை மாற்றும்போது முதல் பத்துப் பன்னிரண்டு தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதே. ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் ஒவ்வொரு மெழுகு பூசும். பழைய மெழுகு போய்ப் புதியது பேரலில் படிந்த பிறகுதான் குரூப் நிதானத்துக்கு வரும். இதே காரணத்துக்காக ஒவ்வொரு முறையும் பேரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கவும் வேண்டாம்.

கொலம்பஸுக்கு வடக்கே மரெங்கோ என்று ஒரு ஊர் இருக்கிறது, உனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே லபுவா கம்பெனி ஒரு சோதனை மையம் திறந்தது. ரைபிளை அசையாமல் பூட்டிவைத்து, லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டி, பொருந்துகிற லாட்டை விற்பார்கள். இப்போதே போக வேண்டாம். உன் கை நிதானப்பட்ட பிறகு போ.

ஏன் .22இல் பழகு என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன் தெரியுமா? உதை இல்லை, தோட்டா மலிவு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. டிரிகர் விழுந்த பிறகும் குண்டு மெதுவாகத்தான் பேரலை விட்டு வெளியேறும், பெரிய ரைபிளை விட நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நீ அசைந்தால் அசைந்தது அப்படியே டார்கெட்டில் தெரியும். கல்லூரியில் என்.சி.சி. பிள்ளைகளை ரேஞ்சுக்குக் கூட்டிப்போவேனே, 25 கஜத்தில் படுத்துச் சுடுவார்கள், ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்ட அடுத்த கணம் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளையின் டார்கெட்டைப் பார்க்காமலே நான் சொல்லிவிடுவேன், மேலேயும் பக்கத்திலும் சிதறியிருக்கும் என்று. கன்னத்தை எடுக்காமல், டிரிகரை விடாமல், ஒரு மூச்சு அப்படியே கிடப்பவளுக்கு ஐந்தும் ஒரு ஐந்து ரூபாய்க் காசுக்குள் விழும். அது டார்கெட்டின் ஓரத்தில் விழுந்தால்கூட எனக்குக் கவலை இல்லை. சைட்டைத் திருகினால் நடுவுக்கு வந்துவிடும். சிதறலைத் திருகிச் சரிசெய்ய எந்த ரைபிளிலும் ஸ்குரூ கிடையாது.

அப்புறம் காலி கேஸ் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்தனை பிள்ளைகளும் வெயிலில் மண்டியிட்டுப் புல்லைத் தடவுவார்கள். உனக்கு அந்தத் தொல்லை இல்லை, ஐந்நூறு தோட்டாவை ஒரே பில்லில் வாங்கலாம். பொறாமையாகத்தான் இருக்கிறது!

ஸ்கோப்புக்கு வருகிறேன், சுருக்கமாக. மலிவான பெரிய ரைபிள் ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ் 100 கஜத்துக்கு நிறுத்தப்பட்டிருக்கும். நீ 25, 50 கஜத்தில் பார்க்கும்போது கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக்கோடு டார்கெட்டின் மேல் ஊர்வதுபோலத் தெரியும். 25 கஜம்வரை பாரலாக்ஸ் திருத்தக்கூடியதாக வாங்கு. உருப்பெருக்கம் அதிகம் வேண்டாம். அந்த சி.எம்.பி. போட்டியின் வழக்கமான ஸ்கோப் பிரிவிலேயே 6 மடங்குக்கு மேல் அனுமதி இல்லை. 50 கஜத்துக்கு ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருகினால்) 100 கஜத்தில் 6, 7 அங்குலம் கீழே இறங்கும், மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 4 அங்குலத்துக்கு மேல் தள்ளும். முதல் வருஷம் 50 கஜத்திலேயே இரு.

கடைக்குப் போனால் இரண்டு ரைபிளையும் தோளில் வைத்துப் பார். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலி என்று நீயே போல்ட்டைத் திறந்து பார்த்த பிறகு, கண்ணை மூடி, வசதியாகக் கன்னத்தைச் சாய். பிறகு கண்ணைத் திற. ஸ்கோப்பின் படம் முழுசாகத் தெரிந்தால் அது உன் ரைபிள். கழுத்தை நீட்டியோ இழுத்தோ தேட வேண்டியிருந்தால் பட் (தோளில் வைக்கும் பின்கட்டை) உனக்கு நீளம் அல்லது கன்னம் வைக்கும் இடம் தாழ்வு. அங்கத்திய ஆண்களின் கை நீளத்துக்குச் செய்வார்கள். இரண்டும் சமமாகப் பொருந்தினால் சி.இசட். எடுத்துக்கொள். பிறகு பின்கட்டையையோ பேரலையோ மாற்ற நினைத்தால் சுலபம், டிரிகரையும் திருத்தலாம். டிக்கா இன்னும் லேசு, போல்ட் வெண்ணெயாக ஓடும் என்கிறார்கள். தோளுக்கு அது பிடித்திருந்தால் அதையே எடு, எனக்கு வருத்தமில்லை.

பெட்டகம் வாங்காமல் ரைபிளை வீட்டுக்குள் கொண்டுவராதே. குட்டிப்பயல் நாற்காலி இழுத்துப்போட்டு ஏறுகிற வயசு. போல்ட் ஓரிடம், தோட்டா இன்னோரிடம், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி; .22 தானே என்று விட்டுவிடாதே. அதில் வெறும் ஈயக்குண்டு, ரேஞ்சிலிருந்து வந்ததும் முகம் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

கையில் இருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் ரைபிளுக்குப் போடாதே. மிச்சம் ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும். அப்பா சொல்கிறார், நான் உன் கல்யாணச் செலவுக்குக்கூட இவ்வளவு கணக்குப் பார்க்கவில்லையாம். அவருக்கென்ன தெரியும்.

முதல் டார்கெட் தாள்களைத் தூக்கி எறியாதே. ஒவ்வொன்றிலும் தோட்டாவின் பெயர், லாட் நம்பர், அன்றைக்கு எத்தனை டிகிரி என்று பேனாவால் எழுதி, படம் எடுத்து அனுப்பு. நல்லதாக விழுந்ததை மட்டும் பொறுக்கி அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முருங்கைக்கீரைப் பொடி போன மாசமே பார்சல் போட்டேன், வந்ததா என்று நீ சொல்லவே இல்லை.